பச்சைக்குக் கீழே சிவப்பு

ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பஸ்ஸை நிறுத்த எவ்வளவு நேரம் பிடிக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டி நிற்பதற்கு நாலு நொடி போதும். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கைப்பிரேக் இழுக்க வேண்டும். உள்ளே இருக்கிற நாற்பது பேருக்கு ஏதாவது சொல்ல வேண்டும். இறங்கி, சாவி வெட்டுகிற கடைக்குப் பக்கத்தில் இருக்கிற கதவைத் திறந்து, முப்பத்தாறு படி ஏற வேண்டும். ஏறினால் என் வீடு. ஓட்டமாக ஓடினால் எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம். நான் ஓடிப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை.

நான் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் டிப்போவில் ஆளுக்குப் பெயர் கிடையாது, ஓட்டுகிற தடத்தின் நம்பர்தான் பெயர். "முப்பத்திரண்டு இன்னிக்கு லீவாம்", "எட்டு, சாப்டாச்சா?" என்றுதான் பேச்சு. தடம் மாறினால் பெயரும் மாறும். என் சிநேகிதன் முப்பத்திரண்டுக்கு இது நாலாவது பெயர். நான் மட்டும் பதினோரு வருடமாகப் பதினாலு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பட்டியல் ஒட்டுவார்கள். அதற்கு முன்னால் மூப்பு வரிசைப்படி எந்தத் தடம் வேண்டும் என்று கேட்பார்கள். என் மூப்புக்கு அகலமான ரோடு, புது வண்டி எல்லாம் கிடைக்கும். நான் பதினாலையே கேட்பேன்.

"உனக்கென்ன அந்தத் தடத்துல பொண்ணா குடுத்திருக்காங்க? குண்டும் குழியும் முதுகுத்தண்டை முறுக்கு மாதிரி பிழியுது" என்பான் முப்பத்திரண்டு. காரணம் தெரிந்துகொண்டே கேட்பான். காரணம் என்னவென்றால், பதினாலு என் வீட்டு வாசல் வழியாகப் போகிறது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. ஏழு இருபதுக்கு முதல் தடவை, இரண்டு இருபத்தைந்துக்குக் கடைசித் தடவை. ஆனால் வாசலில் ஸ்டாப் கிடையாது. முந்நூறு மீட்டர் தள்ளித்தான் ஸ்டாப்.

என் மனைவிக்கு வந்திருக்கிற நோய்க்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி உங்கள் வாயை நோகடிக்க வேண்டாம். சுருக்கமாகச் சொன்னால் நரம்பு சொல்வதைத் தசை கேட்காது. காலையில் தலை வாருகிற கை பதினோரு மணிக்குச் சீப்பைத் தூக்காது. இமை தானாக மூடிக்கொள்ளும். மெல்ல மெல்லத் தாடை ஓய்ந்து, விழுங்குவது நின்று, பேச்சு குழறும். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. ஏழு, பதினொன்று, மூன்று, மறுபடி ஏழு. மாத்திரை உள்ளே போனால் ஆள் எழுந்து உட்காருவாள். அரை மணி தவறினால் துணிமூட்டை மாதிரி ஆகிவிடுவாள். சாகிற நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். மூச்சுத் தசைக்கு மட்டும் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். தினமும் சாயங்காலம் ஒரே மூச்சில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணச் சொல்வோம். முப்பது வரை போனால் நல்ல நாள். பதினைந்துக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி.

அவளும் எங்கள் டிப்போக்காரிதான். கண்ட்ரோல் ரூமில் மைக் முன்னால் எட்டு வருடம் உட்கார்ந்தவள். நகரத்தில் ஓடுகிற நூற்றுச் சொச்சம் பஸ்ஸும் அவள் காதில் ஓடும். "பதினாலு, ரெண்டு நிமிஷம் பின்னாடி வர்றீங்க. எட்டு, பாலத்துல நெரிசல், சுத்திப் போங்க." கடைசியில் எல்லோருக்கும் ஒரே முத்தாய்ப்பு: "சரி, தொடருங்க." அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் கல்யாணத்துக்குக் கேட்டேன். டிரைவர்கள் அவளை மைக்கம்மா என்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. "என்னங்க" கூட கிடையாது. வீட்டிலும் நான் பதினாலுதான்.

அவள் வேலையை விட்ட பிறகு ஒரு நாள் உடம்பு முடியாமல் கண்ட்ரோல் ரூமுக்கே போன் செய்தாள், எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லி. நாக்கு குழறியிருக்கிறது. அந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருந்த பெண் "காலங்காத்தால குடிச்சிட்டுப் போன் பண்ணாதீங்கம்மா" என்று வைத்துவிட்டாள். என் போனுக்குச் செய்யவும் வழியில்லை. வண்டி எடுக்கும்போது போனை அணைத்து இருக்கைக்குப் பின்னால் இருக்கிற பெட்டியில் பூட்ட வேண்டும். முனையத்தில்தான் திறக்கலாம். தலைக்கு மேலே கேமரா. கீழ்வீட்டுச் சாவிக்கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய மெஷின் போடுகிற சத்தத்தில் மேலே கூரையே இடிந்து விழுந்தாலும் அவருக்குக் கேட்காது.

அதனால்தான் இந்தத் துண்டு. யோசனை அவளுடையது.

ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடுகிற கம்பி இருக்கிறது. காலையில் கிளம்பும் முன் ஒரு சிவப்புத் துண்டை அதில் போட்டு, அதற்கு மேலே ஒரு பச்சைத் துண்டைப் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுப் போவேன். முடியாமல் போனால் பச்சையை உள்ளே இழுக்க வேண்டியது. தூக்குவதைவிட இழுப்பது அவளுக்குச் சுலபம். சிவப்புத் தெரியும். நான் கடக்கும்போது எந்த நிறம் இருந்தாலும் ஒரு சின்ன ஹார்ன் அடிப்பேன். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு எட்டு ஹார்ன். ஒரு வருடம் இப்படி ஓடியதில், ஜன்னல் வந்தால் கட்டைவிரல் தானாகவே ஹார்னை அமுக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை.

"நம்ம வீட்டுல சிக்னல் லைட் போட்டு டிராபிக் போலீஸா அம்மாவை உக்கார வெச்சிருக்கோம்" என்பாள் என் மகள். வயது பதிமூன்று. வாய்க்கு வயது முப்பது. வாயாடி என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் பள்ளிக்கூடம் போவதும் என் பஸ்ஸில்தான். முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்டாப்பில் ஏழு இருபத்திரண்டுக்குக் கை காட்டி ஏறுவாள். ஏறும்போதே ஏதாவது ஒன்று வந்து விழும்.

"டிரைவர் சார், பின்னல் ஒரு பக்கம் தோள்ல இருக்கு, இன்னொரு பக்கம் காதுல இருக்கு. டிப்போல கயிறு கட்டற வேலையும் பாக்கறீங்களா?"

"டிக்கெட்டைக் காட்டிட்டுப் பேசும்மா."

"ஓட்டறதுல காட்டற அக்கறையைப் பின்னறதுலயும் காட்டுங்க."

காலை நாலரை முதல் அந்தப் பின்னல் வரைக்கும் நான் பார்க்கிற வேலை ஒரு ஷிப்டு. கஞ்சி காய்ச்சி, காய்கறியைக் குழைய வேகவைத்து, மசித்து, துவாலையைத் துவைத்து, பதினோரு மணி மாத்திரைக்காக டப்பாவை ஜன்னலோரம் அவள் கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீரோடு வைத்து, துண்டு இரண்டையும் போட்டு, கிளம்புவேன். சாயங்காலம் நாலு மணிக்கு வந்தால் மறுபடி ஒரு ஷிப்டு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. சில நாட்களில் முப்பத்தாறு படி ஏறுவதற்கு முன்னால் கீழ்ப்படியில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். மேலே கேட்டால், வண்டி லேட் என்பேன். மைக்கம்மாவிடம் வண்டி லேட் என்று பொய் சொன்னால் எடுபடுமா? அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

முதல் தடவை சிவப்பைப் பார்த்தது மூன்று மாதம் முன்பு. அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன். மாத்திரை தொண்டையில் நின்று முகம் நீலம் பாரித்திருந்தது. குனிய வைத்து முதுகில் நாலு தட்டுத் தட்டியதும் வெளியே வந்தது. பொடி செய்து கொடுத்து, மூச்சு சீராகிற வரை இருந்து, திரும்பி வந்தபோது ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பஸ்ஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று புகார் போயிருந்தது. அதில் ஒரு பையனுக்கு வேலைக்கான நேர்முகம் தவறிப்போனதாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தடவை நடந்தது கேலிக்கூத்து. காற்று. பச்சைத் துண்டைக் காற்று கொண்டுபோய்ச் சாவிக்கடைப் பலகை மேல் போட்டிருக்கிறது. நான் மூச்சிரைக்க மேலே ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"பதினாலு, இங்க என்ன பண்றீங்க? இது ஸ்டாப் இல்லையே" என்றாள்.

சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கீழே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பஸ் நடுரோட்டில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. பின்னால் பதினேழு வண்டி. அவள் முகம் மாறிவிட்டது. கண்ட்ரோல் ரூம் முகம். "போங்க. போங்க முதல்ல" என்றாள்.

எங்கள் டிப்போவில் பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். ஸ்டாப்வாட்ச் என்று பெயர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டாவது மனசு ஆறியிருக்கும். இரண்டாவது மெமோவைக் கொடுக்கும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் கொடுத்தார்.

"பதினாலு, எனக்கு எல்லாம் தெரியும். மைக்கம்மா எனக்கும் வேண்டப்பட்டவங்கதான். ஆனா ரெண்டு ஆச்சு. மூணாவது விழுந்தா என் கையில ஒண்ணுமில்ல, உங்களை நாப்பத்தொண்ணுக்குத் தூக்கிடுவாங்க."

நாற்பத்தொன்று நகரத்தின் அந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடியிலேயே முடிகிற தடம். என் வீட்டிலிருந்து அங்கே போகவே ஒன்றரை மணி நேரம். ஜன்னலும் தெரியாது, துண்டும் தெரியாது.

"எத்தனை நாளைக்கு சார் இந்த ரெண்டு?"

"புதுப் பட்டியல் ஒட்டறவரைக்கும். ஒட்டியாச்சுன்னா பழசெல்லாம் அழிஞ்சிடும். வெள்ளிக்கிழமை காலையில ஒட்டறாங்க. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டுங்க."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

வீட்டில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கொஞ்ச நேரம் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணுன்னு உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வராது. ரொம்ப நீளம்" என்றாள்.

"அப்பான்னு கூப்பிடேன், நான் கூப்பிடறேன்ல" என்றாள் வாயாடி.

"உனக்குத்தான்டி அப்பா. எனக்கு டிரைவர்."

நான் பச்சைத் துண்டுக்கு மூன்றாவதாக ஒரு கிளிப் வாங்கி வந்தேன். இழுத்தால் வர வேண்டும், காற்றுக்கு வரக்கூடாது. அன்று சாயங்காலம் முழுக்க அவளை இழுக்கச் சொல்லியும் மறுபடி மாட்டியும் பார்த்தோம். செவ்வாய் பச்சை. புதன் பச்சை. என் வாழ்க்கையில் ஒரு நிறத்தை அவ்வளவு கும்பிட்டதில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு முனையத்தில் ஸ்டாப்வாட்ச் ஏறினார். மாதத்தில் ஒரு நாள் அவர் தடத்தோடு போய்ப் பார்ப்பது வழக்கம். என் துரதிர்ஷ்டம் அது அன்றைக்கு வாய்த்தது. கதவுக்கு நேர் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் இருக்கேன்னு நினைக்காதீங்க பதினாலு, எப்பவும் போல ஓட்டுங்க" என்றார்.

எப்பவும் போலத்தான் ஓட்டினேன். ஒன்பது இருபது, பச்சை, ஹார்ன். பத்து இருபத்தைந்து, பச்சை, ஹார்ன்.

பதினொன்று இருபது. சாவிக்கடைப் பலகை முதலில் தெரியும், அப்புறம் கம்பி. சிவப்பு.

காற்று இல்லை. எதிர்க்கடைத் திரை அசையாமல் தொங்கியது. பச்சை கீழே எங்கும் விழுந்து கிடக்கவில்லை. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் உங்களிடம் சொல்ல மாட்டேன். வலது கால் பிரேக் மேல் போனது, போய் அங்கேயே நின்றது. மிதிக்கவில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள், நாளைக்குக் காலையில் அழிந்துவிடும், அப்புறம் வேண்டுமானால் இரண்டு தடவை நிறுத்தலாம். இப்படி ஒரு கணக்கு ஓடியது எனக்குள். இன்று நிறுத்தினால் நாளையிலிருந்து அவளை எட்டுத் தடவை பார்க்க முடியாது. அவளைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவளைப் பார்க்காமல் போனேன். கேட்கவே விசித்திரமாக இருக்கிறது இல்லையா? அந்த நொடியில் அது ரொம்ப நியாயமாக இருந்தது.

கால் மறுபடி ஆக்சிலேட்டருக்கு வந்தது. அதே நேரத்தில் கட்டைவிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. ஹார்ன் அடித்தது.

"எதுக்கு ஹார்ன்?" என்றார் ஸ்டாப்வாட்ச், அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"புறா" என்றேன்.

முந்நூறு மீட்டர் தள்ளி ஸ்டாப்பில் நிறுத்தினேன். நாலு பேர் இறங்கினார்கள், ஒரு பாட்டி மெதுவாக ஏறினாள். அங்கிருந்துகூட ஓடியிருக்கலாம். கதவை மூடப் போனேன்.

"அவசரப்படாதீங்க. ஒரு நிமிஷம் முன்னாடி வந்துட்டீங்க, நேரத்துக்குக் கிளம்புங்க" என்றார் அவர்.

அந்த ஒரு நிமிடத்தை நான் அங்கே நின்று கழித்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் என் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. இத்தனை தூரத்திலிருந்து கம்பி ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

முனையத்தில் பெட்டியைத் திறந்து போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். ஸ்டாப்வாட்ச் இன்னும் ஒரு நடை வருவதாகச் சொன்னார். திரும்பினோம். இந்தத் தடவை சிவப்பாக இருந்தால் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சத்தியமாக முடிவு செய்திருந்தேன். அதை நிரூபிக்க இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு இருபத்தைந்து. கம்பியில் பச்சை.

கோணலாக, ஒரு மூலை தொங்கிக்கொண்டு, ஒரே ஒரு கிளிப்பில். ஆனால் பச்சை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! சரியாகிவிட்டது, தானாகவே சரியாகிவிட்டது, நிறுத்தாமல் போனது நல்லதாகப் போயிற்று. கொஞ்சம் நீளமாகவே ஹார்ன் அடித்தேன். "இன்னிக்குப் புறா ஜாஸ்தி" என்றார் ஸ்டாப்வாட்ச். நான் சிரித்தேன். மீதி இரண்டு தடவையும் பச்சைதான், அதே கோணல். அந்தக் கோணலைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

நாலு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது இவள் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் ஒரு புடைப்பு. பக்கத்தில் கரண்டியும் மாத்திரைப் பொடி ஒட்டிய கிண்ணமும். வாயாடி பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவி, உருண்டுபோன மாத்திரைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்ததற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னாச்சு?"

"அம்மா கீழ கிடந்தாங்க. நான் மூணு மணிக்கு வந்தப்ப." அவள் குரலில் குறும்பே இல்லை. "மாத்திரை டப்பா கை நழுவி விழுந்திருச்சு. குனிஞ்சு எடுக்க முடியலை. நான் பொடி பண்ணிக் குடுத்து, டாக்டருக்குப் போன் பண்ணேன். எண்ணச் சொல்லிக் கேட்டாரு. பதினெட்டு வரைக்கும் எண்ணினாங்க. பதினைஞ்சுக்குக் கீழ போனாக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"பதினொரு மணியிலேர்ந்து மாத்திரை இல்லாமலா?"

"பதினொரு மணியிலேர்ந்து." இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சிவப்பு போட்டாங்களாம். பாத்தீங்களா?"

"பாக்கலையே" என்றேன். "நான் வர்றப்பல்லாம் பச்சைதான் இருந்துச்சு. எப்பப் போட்டா?"

வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வந்துவிட்டது. இவள் ஒரு விரலால் இடது இமையைத் தூக்கினாள். அந்த ஒற்றைக் கண் என் மேல் நின்றது. பேச்சு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"ஹார்ன் கேட்டுச்சு."

"வேற வண்டியா இருக்கும்."

"எட்டு வருஷம்... காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்க ஹார்ன் எனக்குத் தெரியாதா?"

நான் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். மறுபடி எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"முன் சீட்டுல யாரு?" என்றாள்.

"ஸ்டாப்வாட்ச்."

"நினைச்சேன். ஹார்ன் அடிச்சும் நிக்காமப் போறீங்கன்னா... அவராத்தான் இருக்கணும்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதான் பச்சையைத் திருப்பிப் போட்டேன். திரும்பி வர்றப்ப எங்க நிறுத்திடுவீங்களோன்னு."

வாயாடி எழுந்து நின்றாள். "குச்சியால தள்ளித் தள்ளிப் போட்டிருக்காங்க. கை வேலை செய்யலை, கிளிப்பைப் பல்லால கடிச்சுப் போட்டாங்களாம். இருந்த பலமும் அதுல போய்த்தான் விழுந்தாங்க. இல்லன்னா நாற்காலியிலயே உக்காந்திருப்பாங்க." ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, பொறுக்கிய மாத்திரைகளை டப்பாவில் போட்டு மூடினாள். "நேரத்துக்குப் போனீங்களாப்பா?"

அதே கேள்வியை இவளும் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து கேட்பதைப் போல, தகவலுக்காகக் கேட்டாள்.

"நேரத்துக்குப் போனீங்களா?"

"ஒரு நிமிஷம் முன்னாடி" என்றேன்.

அவள் விரலை எடுத்தாள். இமை மூடிக்கொண்டது.

"சரி, தொடருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அடுப்பைப் பற்ற வைத்தேன், கஞ்சி காய்ச்சினேன். ஏழு மணி மாத்திரையைப் பொடி செய்து எடுத்துப் போனபோது, "அவ குடுக்கட்டும்" என்றாள். வாயாடி கொடுத்தாள். அவளே எண்ணவும் சொன்னாள். சமையலறையிலிருந்து நான் கேட்டேன், இருபத்தொன்று வரை போனது. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்கு ஒண்ணும் பயமில்ல, பட்டியல் ஒட்டிடுவாங்க, மெமோ ரெண்டும் அழிஞ்சிடும்" என்று பொதுவாகச் சொன்னேன். இரண்டு பேரில் ஒருவராவது ஏதாவது கேலி பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வாயாடி விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது துண்டுகள் இரண்டும் மடித்து அலமாரியில் இருந்தன. மேலே மூன்று கிளிப்புகள். வாயாடி தன் தலையைத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். பதினோரு மணி மாத்திரையைத் தனியாக எடுத்து இவளுடைய மேல்சட்டைப் பையில் போட்டிருந்தாள். நான் கிளம்பினேன். டிப்போவில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பதினாலு என்பதற்கு நேரே என் பெயர் இருந்தது. "வாழ்த்துகள், குண்டும் குழியும் உனக்கே" என்றான் முப்பத்திரண்டு. ஏழு இருபதுக்கு வீட்டைக் கடந்தேன். கம்பி வெறுமையாக இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஸ்டாப்பில் வாயாடி நின்றிருந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். அவர்கள் கை காட்டினார்கள், நிறுத்தினேன், ஏறினார்கள். அவள் ஏறவில்லை. எனக்குப் பின்னால் அடுத்த பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு ஐம்பதுக்கு முனையம் போய்ச் சேர்ந்தேன். தாமதம் இல்லை.